முன்மாதிரி மளிகை பில்

எங்கள் குடிநீர் வாரியத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம். சம்பளத்தோடு மாதாமாதம் உணவுப்படி என்று ஒரு தொகை தருவார்கள். அதை நிர்ணயித்த காலத்தில் ஒரு குடும்பம் மாதம் முழுவதும் அதை வைத்துச் சாப்பிட முடிந்தது என்று பழைய ஊழியர்கள் சொல்வார்கள். என் காலத்தில் அது பதினெட்டாம் தேதிவரை வந்தது. பிறகு பதினாலாம் தேதிவரை. எண்ணெய் விலை இரண்டாம் முறை ஏறியபோது எல்லோருமாகச் சேர்ந்து, படியை உயர்த்தித் தரும்படி ஒரு மனு கொடுத்தோம்.

மனுவை வாரியம் அலட்சியப்படுத்தியது என்று சொன்னால் அது பொய். ஏழு கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தட்டு தட்டாக முந்திரியும் பிஸ்கட்டும் உள்ளே போனதை நாங்களே பார்த்தோம். ஏழாவது கூட்டத்தின் முடிவில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். படி குறைவாக இல்லை. எங்களுக்கு மளிகை வாங்கத் தெரியவில்லை.

ஆகவே தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் 'குடும்பச் சிக்கன வழிகாட்டு மையம்' திறக்கப்பட்டது. பதினோரு பணியிடங்கள், இரண்டு குளிர்சாதன அறைகள், சுவர் நீளத்துக்கு ஒரு மாதிரி மளிகைக் கடை. எல்லாவற்றுக்கும் தலைவராகச் சிக்கன அலுவலர் ஒருவர். சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு குட்டித் தராசு வைத்திருப்பார். எதைப் பற்றிப் பேசினாலும் எடையில்தான் பேசுவார். ஒரே வாரத்தில் கிராம் சார் என்று பெயர் வந்துவிட்டது.

நான் மீட்டர் பட்டறையில் இருக்கிறேன். வீடுகளிலிருந்து கழற்றி வரும் தண்ணீர் மீட்டரைப் பிரித்து, பல்சக்கரத்தைத் துடைத்து, சோதனைக் குழாயில் பொருத்தி, நூறு லிட்டர் ஓடவிட்டால் நூறுதான் காட்டுகிறதா என்று பார்த்து, ஈய முத்திரை போட்டு அனுப்புவது என் வேலை. எனக்கு அடுத்த மேசையில் குழாய் ஒட்டும் வெல்டர். நாலு பிள்ளைகள். வாய் கொஞ்சம் நீளம். நல்ல மனிதர். என் டிபன் டப்பாவில் முட்டை இருந்தால் பாதி அவருக்கு, அவர் டப்பாவில் எது இருந்தாலும் பாதி எனக்கு என்று பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

சிக்கன வகுப்புக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் அனுப்பினார்கள்.

"பசியோட கடைக்குப் போகாதீங்க" என்று கிராம் சார் ஆரம்பித்தார். "பசி இருந்தா கை தானா நீளும். இருநூறு கிராம் வாங்கப் போனவன் நானூறு கிராம் தூக்கிட்டு வருவான். வயிறு நிறைய சாப்பிட்டுட்டுத்தான் கடைக்குக் கிளம்பணும்."

வெல்டர் கையைத் தூக்கினார். "வீட்ல ஒண்ணும் இல்லேன்னுதானே சார் கடைக்கே போறோம். எதைச் சாப்பிட்டுட்டுப் போறது?"

கிராம் சார் பாடக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "அது அடுத்த பாடத்துல வரும்" என்றார்.

அடுத்த பாடத்தில் அது வரவில்லை. மலிவான சாமான் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்கும், விலை கூடியதைத்தான் கண்ணுக்கு நேராக அடுக்கி வைப்பார்கள், எனவே ஊழியர்கள் குனியப் பழக வேண்டும் என்று வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிடம் குனியும் பயிற்சி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் முற்றத்தில் வரிசையாக நின்று குனிந்தோம். முதுகுவலி இருந்த சங்கச் செயலாளர் மருத்துவச் சான்று கொடுத்து, கண்ணாடி வைத்துக் கீழ்த்தட்டைப் பார்க்கச் சிறப்பு அனுமதி வாங்கினார். அதைச் சங்கத்தின் முதல் வெற்றி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மூன்றாம் பாடம், கடைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகக் கூடாது என்பது. நாலாம் பாடம், மனைவியை அழைத்துப் போகக் கூடாது. ஐந்தாம் பாடத்தில் கிராம் சார் குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய ரகசியம்போல், "முடிஞ்சா நீங்களும் போகாதீங்க. வாங்காத சாமானுக்கு விலையே கிடையாது" என்றார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு ஒன்பதாம் படிவம் கொடுத்தார்கள். அந்த மாத மளிகை பில்லை அதோடு இணைக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று நாற்பத்திரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வி: 'பிற வழிகளில் வீட்டுக்கு வரும் உணவுப் பொருட்கள் உண்டா? உண்டெனில் விவரம்.'

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் எங்கள் வாரியத்தில்தான் வேலை. தலைமை அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு துணிப்பையோடு வருவாள். பையில் மாவு இருக்கும், சர்க்கரை இருக்கும், ஒரு பாட்டில் எண்ணெய், செய்தித்தாளில் சுற்றிய ஆறு முட்டை. வாசலிலேயே பையைக் கொடுத்துவிட்டு, என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவாள். மகள் பிறந்தபோது என் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்தது இது. மகளுக்கு இப்போது எட்டு வயது.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி கொடுக்கறத எழுதிடுங்களேன்."

"ஆபீஸ் காகிதத்துல அக்காவ எதுக்கு இழுக்கணும்?"

"இழுக்கறது என்ன? உள்ளதத்தானே கேக்கறான்."

"ஏதோ பையில நாலு சாமான் கொண்டு வர்றா. அத ஒரு வருமானம்னு எழுதுவாங்களா?"

நான் 'இல்லை' என்று எழுதினேன். அக்காவை இழுக்கக் கூடாது என்பதற்காக அப்படி எழுதவில்லை. நாற்பத்தொரு வயதில், ஒரு கூட்டுகிற பெண்ணின் படியில் என் குடும்பம் சாப்பிடுகிறது என்று என் கையெழுத்தில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வாரம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களில் ஆகக் குறைந்த மளிகை பில் என்னுடையது.

விழா எடுத்தார்கள். எனக்கு ஒரு சால்வையும் ஒரு சமையலறைத் தராசும் கொடுத்தார்கள். என் பில்லையும் ஒன்பதாம் படிவத்தையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மையத்தின் வாசலில் மாட்டினார்கள். வாரிய இயக்குநர் பேசினார். நல்ல குரல் வளம் அவருக்கு.

"விலைவாசி ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க. நான் கேட்கிறேன், யார் ஏத்தினது? வாங்கறவங்கதான். யாரும் வாங்காம இருந்தா அது எப்படி ஏறும்? நானும் உங்கள மாதிரிச் சிக்கனக்காரன்தான். என் வீட்ல நாங்க விலையையே பாக்கறதில்ல. அந்த நேரம் மிச்சம்! இந்த மையம் ஆரம்பிச்சு நாலே மாசத்துல, உங்க எல்லாரோட வீட்லயும் சேத்து, இந்த மையத்துக்கு ஆன செலவுல கிட்டத்தட்டக் கால்வாசி அளவுக்கு நாம சேமிச்சிருக்கோம்!"

பெரிதாகக் கை தட்டினோம். கணக்குப் பிரிவில் இருப்பவர் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம் இவ்வளவில் வாழ முடியும் என்று சான்றுடன் நிரூபணமாகிவிட்டதால், என் பில்லை மூன்றால் வகுத்து வரும் தொகையே இனி ஆளுக்கு உணவுப்படி. அதற்கு 'முன்மாதிரி அளவு' என்று பெயர். உடனடியாக அமலுக்கு வருகிறது.

சுற்றறிக்கையை வெல்டர்தான் பட்டறையில் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து மடித்து என் மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதிவரை வந்து, பதினாலாம் தேதிவரை வந்த படி, இப்போது ஒன்பதாம் தேதியோடு தீர்ந்துபோனது. பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம் மாறிவிட்டது. யாரும் டப்பாவை மேசையில் வைத்துத் திறப்பதில்லை. மடியில் வைத்து, மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வெல்டர் இரண்டடுக்கு டப்பாவுக்குப் பதில் ஓரடுக்கு கொண்டுவந்தார். நான் பழக்கத்தில் பாதி முட்டையை நீட்டினேன்.

"வேணாங்க" என்றார். "உங்களுக்கே அளவாத்தான இருக்கும்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்தார். அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் வெல்டரின் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே வரத் தைரியமில்லை. கதவிடுக்கில் சமையலறை தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவர். "நீங்க எப்படிச் சமாளிக்கறீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தல போல. கடைசி வாரம் பசங்களுக்கு வெறும் ரொட்டிதான்."

என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"எண்ணெய ஸ்பூனால அளந்துதான் ஊத்துவேன்" என்றாள் கடைசியில்.

"எந்த ஸ்பூன்? பெருசா, சின்னதா?"

மனைவி கைக்கு அகப்பட்ட ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நோட்டில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டார். போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்து, ரொம்ப நன்றி என்று இரண்டு முறை சொன்னார்.

அவர் போனதும் நான் வெளியே வந்தேன்.

"மகளுக்கு மருந்து கொடுக்கற ஸ்பூன் அது" என்றாள் மனைவி. "இன்னொரு தடவ யாராவது வந்தா நீங்களே பதில் சொல்லிக்குங்க. என்னால ஆகாது."

ஆனால் வந்துகொண்டே இருந்தார்கள். முன்மாதிரிச் சமையலறையைப் பார்வையிட மையத்திலிருந்து மாதம் இரண்டு குழு வரும். ஒரு குழு எங்கள் வெங்காயங்களை எண்ணியது. ஒரு குழு குப்பைக் கூடையைக் கவிழ்த்து, உருளைக்கிழங்குத் தோலின் தடிமனை அளந்து, பாராட்டுக் கடிதம் கொடுத்தது. நான் தேறிய அளவுக்கு எங்கள் வீட்டு உருளைக்கிழங்குகூடத் தேறியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிராம் சாரே நேரில் வந்துவிட்டார். கூடவே இரண்டு உதவியாளர்கள், ஒரு புகைப்படக்காரர். எண்ணெய் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்கதவு திறந்துதான் இருந்தது.

அக்கா பையோடு வந்து நின்றாள்.

மகள் எழுந்து ஓடினாள். "அத்—" என்று அவள் ஆரம்பிக்கும்போதே மனைவி அவளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"யாருங்க இது?" என்றார் கிராம் சார்.

அவர் தினமும் உட்காரும் அறையைக் கூட்டுகிறவள் அவள். அவர் மேசையைத் துடைத்து, அவர் குடித்த கோப்பையைக் கழுவி வைக்கிறவள். எட்டு மாதமாகத் தினமும் காலை அவர் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். அவருக்கு நிஜமாகவே அவள் யாரென்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரங்க, சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏதோ கணக்குப் புரிந்த மாதிரித் தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க. கதவு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வந்த படியிலேயே இறங்கிப் போனாள்.

கிராம் சார் குறிப்பேட்டில் எழுதினார். "அண்டை வீட்டார் தாராளமாகச் சாமான் வாங்கும் சூழலிலும் இக்குடும்பம் மனம் தளராமல் சிக்கனத்தைக் கடைப்பிடிக்கிறது." எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். படத்தில் நான் சிரித்திருக்கிறேன்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் மொத்த வீடும் தெரிந்துவிடும் அளவுக்குத்தான் அந்த அறை. கட்டில்மேல் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். காலையில் தோளில் ஏற்றிய பை அவிழ்க்கப்படாமல் அலமாரியில் இருந்தது. அலமாரியில் வேறு ஒன்றும் இல்லை. உப்பு டப்பா ஒன்று, டீத்தூள் டப்பா ஒன்று.

"வாடா. இந்தப் பையத் திரும்பப் போகும்போது எடுத்துட்டுப் போயிடு. முட்டை கெட்டுரும்."

"உனக்குப் படி எவ்வளவு வருது இப்ப?"

"எல்லாருக்கும் வர்றதுதான். முன்மாதிரி அளவு. ஒத்தை ஆளுக்கு என்ன வருமோ அது."

நான் அதுவரை இதை யோசிக்கவே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. அவள் கொடுத்ததால் என் பில் குறைந்தது. என் பில் குறைந்ததால் அவளுக்கு வருவது குறைந்தது. குறைந்ததிலும் எடுத்து எனக்கே கொண்டுவந்திருக்கிறாள்.

"அக்கா, அந்தப் படிவத்துல நான்…"

"தெரியும்டா. அந்தக் கண்ணாடிய தினம் நான்தானே துடைக்கிறேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" டீயைக் கீழே வைத்தாள். "நீ இல்லைன்னு எழுதினதுதான் நல்லது. இருக்குன்னு எழுதியிருந்தா எதுக்குக் கொடுக்கறேன்னு என்னைத்தான் புடிச்சிருப்பாங்க. விடு. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? சாப்ட்டியா?"

அவள் திட்டுவாள் என்று வழி முழுவதும் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அவள் எனக்காக வக்காலத்து வாங்குவாள் என்று எதிர்பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போனேன்.

"சார், என் பில் பொய். எங்க வீட்டுக்கு வேற வழியில சாமான் வருது."

கிராம் சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உங்க உடம்பு சரியில்ல போலிருக்கு."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மீட்டருக்கு முன்னாடியே ஒரு குழாய் போட்டுத் தண்ணி எடுத்தா மீட்டர் கம்மியாத்தான் காட்டும் சார். அது சிக்கனம் இல்ல. திருட்டு. மீட்டர் பட்டறைக்காரன் எனக்கு அது தெரியாதா?"

"இருங்க, இருங்க." அலமாரியைத் திறந்து படிவங்களைப் புரட்டினார். "சேமிப்ப அறிவிக்க ஒன்பதாம் படிவம். கூடுதல் சேமிப்புக்கு ஒன்பது-அ. சேமிக்கத் தவறினதுக்கு விளக்கம் கொடுக்கப் பத்து. சேமிச்சதாச் சொன்னது சேமிப்பே இல்லேன்னு சொல்றதுக்கு…" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்குப் படிவம் இல்லையே. படிவம் இல்லாத ஒண்ண நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"வாயால சொல்றேன் சார்."

"இந்த மாடியில பதினோரு குடும்பம் உங்க பில்ல வச்சுத்தான் சாப்பிடுது. யோசிச்சுப் பேசுங்க." தராசை எடுத்து, ஒன்றும் வைக்காமலே அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்கு அவர் மீதும் இரக்கம் வந்தது. எனக்கு அப்போது யாரைப் பார்த்தாலும் நான் ஏதோ செய்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் காலாண்டுக் கூட்டம். முன்மாதிரி ஊழியர் தன் வெற்றி ரகசியத்தை மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். குனியும் பயிற்சி முடிந்து எல்லோரும் நிமிர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"என் வெற்றி ரகசியம் எங்க அக்கா" என்றேன். "எட்டு வருஷமா வாராவாரம் எனக்கு மளிகை கொண்டுவந்து கொடுக்கறா. அத நான் எழுதல. வெக்கப்பட்டு எழுதல. நீங்க எல்லாரும் நாலு மாசமா என் பொய்யத்தான் சாப்பிட்டுட்டிருக்கீங்க. என் அக்கா யாருன்னு கேட்டா… அதோ, மாடிப்படிகிட்ட துடைப்பத்தோட நிக்கறாங்களே, அவங்கதான். அவங்களும் உங்ககூடச் சேந்து அரைவயிறு."

முந்நூறு தலைகள் மாடிப்படிப் பக்கம் திரும்பின. அக்கா துடைப்பத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கிராம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். வெல்டர் மட்டும் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பென்சிலால் வரைந்துகொண்டு போன கோடுதான் என் கண்ணுக்குள் நின்றது.

இயக்குநர் எழுந்து வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். என் தோளில் கை போட்டார்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க! பொய்யின்னு சொல்றார். நான் அப்படிப் பாக்கல. அக்கா! இத்தனை நாள் இது நமக்குத் தோணாமப் போச்சே! வெளியில வாங்கினாத்தானே செலவு? அக்காகிட்ட வாங்கினா அன்பு. அன்புக்கு விலைவாசி ஏது? நம்ம ஊழியர்கள்ல எத்தனை பேருக்கு அக்கா இருக்காங்க, அவங்க என்ன கொடுக்கறாங்க, ஏன் கொடுக்கலைன்னு உடனே ஒரு கணக்கெடுப்பு நடத்தணும்."

நடத்தினார்கள். பதினொன்றாம் படிவம் வந்தது. அக்காக்களின் எண்ணிக்கை, வீட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம், கொடுக்கும் மனப்பான்மை: நன்று, சுமார், மோசம். தங்கச்சி மட்டும் உள்ளவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள். சங்கச் செயலாளர், அக்காவே இல்லாத ஊழியர்களுக்கு இழப்பீடாக 'அக்கா இல்லாப் படி' தர வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். அது பரிசீலனையில் இருக்கிறது.

இதற்கிடையில் கணக்குப் பிரிவில் விரல் மடக்கிய அந்த மனிதர் ஒரு குறிப்பு எழுதினார். தவறான பில்லை வைத்துப் படி நிர்ணயித்தது தணிக்கையில் மாட்டும், பொறுப்பு இயக்குநருடையது என்று. அன்று மாலையே முன்மாதிரி அளவு ரத்தானது. பழைய படி, அதே பதினாலாம் தேதிவரை வரும் படி, திரும்பக் கிடைத்தது. ஊழியர்கள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். சங்கம் வெற்றி என்று சுவரொட்டி ஒட்டியது. படியை உயர்த்தக் கேட்ட மனு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் நினைவில்லை. மையத்துக்கு உறவு ஆய்வுக்காக மேலும் மூன்று பணியிடம் கொடுத்தார்கள்.

என்னை யாரும் தண்டிக்கவில்லை. அக்காவுக்குத்தான் குற்றக் குறிப்பாணை வந்தது. வாரியம் தனக்கென்று வழங்கிய உணவுப்படியை அனுமதியின்றி வேறொரு வீட்டுக்குத் திருப்பிவிட்டாள் என்று குற்றச்சாட்டு. இதற்கென்று விதி எதுவும் இல்லாததால், திருட்டுத் தண்ணீர் இணைப்புக்கான விதியைப் போட்டிருந்தார்கள். அபராதம் ஆறு தவணை.

சங்கச் செயலாளரிடம் போனேன். "இது குடும்ப விஷயமாச்சே, சங்கம் எப்படித் தலையிடும்?" என்றார். மூன்றாவது மாடிக்குப் போனேன். அபராதத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

கிராம் சார் முகம் மலர்ந்தது. "அதுக்குப் படிவம் இருக்கு!" என்று உடனே எடுத்துக் கொடுத்தார். நான் எழுதி முடிக்கும்வரை எதிரில் நின்றுகொண்டிருந்தார். அறையின் மூலையில் அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டதும் அவர் கொஞ்சம் தயங்கி, அவள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க வேணும்னா அந்த நாற்காலியில உக்காருங்களேன்" என்றார். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியையும் துடைத்தாள்.

பட்டறையில் வெல்டர் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் மதியம், டப்பாவைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "உங்க அக்காவுக்கு எவ்வளவு புடிக்கறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டப்பாவை மடியில் வைக்காமல் மேசையில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பிடக் கூட்டி வந்தேன். எட்டு வருடத்தில் அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நாங்கள் கேட்காமல் இல்லை. அவள் படி இறங்கும்போது கேட்டிருக்கிறோம். பையை வாங்கிக்கொண்ட கையோடு கேட்டிருக்கிறோம். இந்த முறை அவள் வீட்டுக்கே போய், கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு கூட்டி வந்தேன்.

மனைவி பரிமாறினாள். சோறு, பருப்பு, பொரித்த முட்டை. விசேஷமாக ஒன்றும் இல்லை.

அக்கா சாப்பிட்டாள். முதலில் எங்களோடு பேசிக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு சீராக, அவசரமில்லாமல், நிறுத்தாமல் சாப்பிட்டாள். மனைவி இரண்டாம் முறை சோறு போட்டாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் முறை அவளாகவே தட்டை நகர்த்தினாள்.

"அத்தை எவ்ளோ சாப்பிடறாங்க!" என்றாள் மகள், சந்தோஷமாக.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மனைவி கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டினாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து போய், மறுபடியும் அரிசி கழுவ ஆரம்பித்தாள்.